மூன்றாம் முறை சொன்ன ஆறு எண்கள்

தலைமை ஏற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் டாக்டரம்மா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, முகம் தெரியாத உயிருக்காகக் கை நீட்டி ரத்தம் கொடுத்த உத்தமர்களே, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்க வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் படித்தது ஐந்தாவது. செய்வது துணி இஸ்திரி போடும் வேலை. "உனக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டர் பேச்சு?" என்பீர்கள். என் மகள் பேச வேண்டிய பேச்சு இது. அவள் இல்லை. அதனால் நான் நிற்கிறேன்.

நம் சங்கத்தில் ரத்தம் கொடுப்பவர்கள் இரண்டாயிரம் பேர். அவர்கள் பட்டியல் கிளவுடில், அதாவது இன்டர்நெட் வழியே திறக்கும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில், இருக்கிறது. என் மகள் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினாள். சிரிக்காதீர்கள், எனக்கும் பெயர் மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரி கேட்டதும் அது கிளவுடுக்குப் போகும், பட்டியலைத் திறக்கும், தகுந்தவர்களைப் பொறுக்கும், அவர்கள் போனுக்குச் செய்தி அனுப்பும்.

திறக்க அனுமதி வேண்டாமா? அங்கேதான் பிழை. அவசரத்துக்கு அவள் தன் சொந்தக் கணக்கையே கொடுத்திருந்தாள். பட்டியலும் அவள் பெயரில். புரோகிராமின் அனுமதியும் அவள் பெயரில்.

லாரி மோதி அவள் போய்விட்டாள். பன்னிரண்டு நாள் கழித்து நம் செயலாளர் (தலையைக் குனியாதீர்கள் ஐயா), செத்த பிள்ளையின் பெயர் அங்கே கிடந்து வருத்த வேண்டாமென்று அவள் கணக்கை மூடினார். மரியாதைக்குச் செய்தார். பெயரோடு பட்டியலும் பூட்டிக்கொண்டது.

மறுநாள் காலை பத்து மணி. பிரசவ வார்டில் ஒரு பெண். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. எளிதில் கிடைக்காத வகை. புரோகிராம் போகிறது. 'அனுமதி இல்லை.' மறுபடி போகிறது. 'அனுமதி இல்லை!'

மகளோடு வேலை பார்த்த பெண் என்னை அழைத்தாள்.

"அம்மா, அவ போன் அணைஞ்சிடுச்சா?"

"இல்லடி. தினம் சார்ஜ் போடுறேன்."

"அதுல ஆறு நம்பர் வரும். அரை நிமிஷத்துக்கு ஒருக்கா மாறும். அதைச் சொன்னாத்தான் மூடுன கணக்கை மறுபடி திறக்க முடியும்."

பேச யாருமில்லாத போனுக்கு எதற்குச் சார்ஜ் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். மகள் பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அதுவும் என் கண் முன்னால் அணைய வேண்டுமா?

முதல் முறை, ஐந்து எண் சொல்வதற்குள் மாறிவிட்டது. இரண்டாம் முறை, கண் கலங்கி ஆறை எட்டு என்றேன்.

"அம்மா, இன்னும் ஒரு தடவைதான். தப்பானா நாளைக்குத்தான் திறக்கும்."

"நாளைக்கு அந்தப் பொண்ணு இருப்பாளாடி?"



அழுவதற்கு எனக்கு ஆயுள் முழுக்க இருக்கிறது. அவளுக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது? இஸ்திரி போட்டு வைத்த யார் சட்டையிலோ கண்ணைத் துடைத்தேன். எண் மாறும்வரை காத்திருந்தேன். மாறியது. ஏழு. பூஜ்யம். மூன்று. மூன்று. ஒன்பது. ஒன்று.

"திறந்துடுச்சும்மா!"

பொறுங்கள், கைதட்டாதீர்கள். அடுத்த நிமிடம் என் போன் அதிர்ந்தது. எனக்கும் அதே வகை ரத்தம். நானும் பட்டியலில் இருந்தேன். புரோகிராமுக்குள் என் மகள் எழுதி வைத்த வாசகம் வந்தது: 'உங்கள் ரத்தம் ஓர் உயிருக்கு இப்போதே தேவை. வெறும் வயிற்றோடு வராதீர்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.'

பதின்மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று இறங்கியது. மகள் சொல்லிவிட்டாளே!

போனேன். "தாங்குவியாம்மா?" என்று கேட்டுச் சோதித்துத்தான் டாக்டரம்மா எடுத்துக்கொண்டார். என்னோடு சேர்த்து மூன்று பேர் கொடுத்தோம். அந்தத் தாய் பிழைத்தாள்.

இப்போது புரோகிராமுக்கென்றே தனிக் கணக்கு. திறக்க மூன்று பேருக்கு உரிமை. உயிர் காக்கும் கதவுக்கு ஒரே ஒருவர் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள்! எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு சின்ன வயதாக இருந்தாலும் கொடுக்காதீர்கள்! மாற்றாமல் விட்டது அந்த வாசகம் ஒன்றைத்தான்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. பின்னால் பந்தி போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.