பச்சை மூடி

என்னிடம் ரத்தம் கொடுத்தவர்கள் யாரும் வலித்தது என்று சொன்னதில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊசியைப் போட்டுவிடுவேன். என் தம்பி மட்டும், ஊசி படுவதற்கு முன்பே "ஐயோ, கொல்றாளே" என்று கத்தி, வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை வெலவெலக்க வைப்பான். பிறகு அவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

நீங்கள் கேட்டதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். அவன் சாப்பாட்டிலோ மாத்திரையிலோ நான் எதையும் கலக்கவில்லை.

அவனுக்கு மனம் ஒரேயடியாக ஏறும், ஒரேயடியாக இறங்கும். ஏறும்போது வீடு முழுக்கச் சிரிப்பு. சுவருக்கு நீல வண்ணம் அடிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு எனக்குத் தலை பின்ன வருவான். "அக்கா, எனக்கு எல்லாமே நீதான்" என்பான். இறங்கும்போது கட்டிலை விட்டு எழமாட்டான், நான்தான் ஊட்டிவிட வேண்டும். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். அப்படித்தான் காலத்தை ஓட்டினோம்.

பிறகு ஒரு மனநல மருத்துவர் லித்தியம் என்ற உப்பை மாத்திரையாகக் கொடுத்தார். அது உடம்பில் குறைந்தால் பிரயோஜனமில்லை, கூடினால் ஆபத்து. அதனால் அவ்வப்போது ரத்தத்தில் அளந்து பார்க்க வேண்டும். மருத்துவமனை ஆய்வகத்தில் அதை அளந்தவள் நான்.

மாத்திரை அவனை ஆளே மாற்றிவிட்டது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனான். நேரத்துக்கு எழுந்தான், தட்டைத் தானே கழுவினான். "உங்க தம்பி தங்கமா மாறிட்டாருங்க" என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. நான் வளர்த்தவன் எங்கே போனான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்புறம் கண்ணாடிக்கடைக்காரி வந்தாள். பார்வை அளந்து மூக்குக்கண்ணாடி விற்கிற கடையில் வேலை. நல்ல பெண்தான், குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "இத்தனை நாள் நீங்க பாத்துக்கிட்டீங்கக்கா. இனிமே நான் பாத்துக்கறேன், நீங்க நிம்மதியா இருங்க" என்றாள். தம்பி தரையைப் பார்த்தபடி, "வேற வீடு பாத்திருக்கோம்க்கா" என்றான். சிரிக்காமல் சொன்னான்.

அடுத்த முறை ரத்தம் எடுத்தபோது பச்சை மூடிக் குழாயை எடுத்தேன்.

லித்தியம் அளப்பதற்குச் சிவப்பு மூடி. பச்சை மூடிக் குழாயின் உள்ளே ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து பூசியிருக்கும், அந்த மருந்திலேயே லித்தியம் உண்டு. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இந்தக் குழாயை மாற்றி எடுத்துவிடுவார்கள். அதற்காக எத்தனையோ பேரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். இயந்திரம், குழாயில் இருந்ததை இருந்தபடி சொன்னது. ஓர் எண்ணைக்கூட நான் திருத்தவில்லை. அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். "போன தடவை சரியாத்தானே இருந்துச்சு?"

"வெயில்ல அலையறான் சார். தண்ணி குடிக்கிறதே இல்ல."

"கை நடுங்குதா?"

"டம்ளரைப் பிடிக்க முடியல சார்."

"கூடவே நீங்க இருக்கறதால எனக்குக் கவலையில்ல" என்றார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அடுத்த சோதனைக்கும் பச்சை மூடிதான். அடியோடு நிறுத்திவிட்டார்.

தம்பி திரும்பி வந்தான். ஒரு நாள் காலையில் சமையலறையில் பாட்டுச் சத்தம். பாதியில் நின்ற சுவருக்கு மீண்டும் நீலம் அடித்துக்கொண்டிருந்தான். "கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். உன்னை விட்டுட்டு நான் எங்கக்கா போவேன்?" என்றான். கையில் வண்ணத்தோடு என் தலையைப் பிடித்துக்கொண்டான். முடியிலிருந்து அந்த நீலம் போக வெகுநாளாயிற்று. நான் அழுததெல்லாம் அன்றைக்குத்தான்.

மாத்திரையை மறுபடி தொடங்குவதற்காக மருத்துவர் இன்னொரு முறை ரத்தம் கேட்டார். நான் நினைத்திருந்தால் அன்றைக்குச் சிவப்பு மூடியை எடுத்திருக்கலாம். இரண்டும் ஒரே தட்டில்தான் இருந்தன. "இன்னும் இறங்கலையே, கிட்னி மெதுவா வேலை செய்யுது போல" என்று மருத்துவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்லவில்லை.

அந்த வாரமே, யாரும் கூப்பிடாத ஒரு கட்டடத்துக்குத் தம்பி வேலைக்குப் போனான். உச்சி மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்தான். உள்ளே பெட்டி இல்லை. பட்டப்பகல் என்பதால் காவலாளி தெளிவாகப் பார்த்திருக்கிறார். "சிரிச்சுக்கிட்டே காலை வெச்சாரும்மா" என்று என்னிடம் சொன்னார்.

உங்கள் தடயவியல் ஆய்வகத்தில் இருக்கும் பெண் கெட்டிக்காரி. பிணத்தின் ரத்தத்தில் லித்தியம் துளிகூட இல்லை, உயிரோடு இருந்தபோது அதே வாரத்தில் எடுத்த ரத்தத்தில் மட்டும் அவ்வளவு எப்படி வந்தது என்று அவள் ஒருத்திதான் கேட்டாள். என்னிடம் வேலை பழகியிருந்தாலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருப்பாள்.

ஆமாம், மூன்று முறையும் தெரிந்தேதான் எடுத்தேன். மாத்திரை இல்லாவிட்டால் அவன் எங்கே போய் நிற்பான் என்பதும் தெரியும். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வக்கீல் வேண்டாம். ஆனால் நான் அவனைக் கொன்றேன் என்று அந்தக் கண்ணாடிக்கடைக்காரி வெளியே அழுகிறாளே, அவளைக் கூப்பிட்டு உங்கள் ஆய்வக அறிக்கையைப் படித்துக் காட்டுங்கள். அவன் ரத்தத்தில் அந்த உப்பு துளிகூட இல்லை. என் தம்பி என் தம்பியாகவே போய்ச் சேர்ந்தான்.