மூன்றாவது மூட்டை

கண்ணாடி ஈரமாக இருக்கும்போது அதைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது சார். ஈரத்தில் எல்லாக் கண்ணாடியும் பளிச்சென்றுதான் இருக்கும். காய்ந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். தண்ணீரில் கரைந்திருந்த உப்பும் சுண்ணாம்பும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கும். அந்தப் புள்ளி வராமல் பார்த்துக்கொள்வதுதான் பதினாறு வருடமாக என் வேலை. தண்ணீர் என் பொறுப்பு. மற்றதெல்லாம் தம்பி.

ரெசினைப் பற்றிக் கேட்டீர்கள். மீன் முட்டை மாதிரி பொடிப்பொடியாக, தேன் நிறத்தில் இருக்கும். அதை இடுப்புயரச் சிலிண்டரில் நிரப்பிக் குழாய்த் தண்ணீரை உள்ளே விட்டால், உப்பையெல்லாம் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு வெறும் தண்ணீரை வெளியே அனுப்பும். அந்தத் தண்ணீரில் உப்பை அளக்கிற மீட்டரை நனைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யம் வந்துவிட்டால் துடைக்கிற வேலையே இல்லை. நீளக் கம்பின் நுனியில் பிரஷ்ஷை மாட்டி, தரையில் நின்றபடியே நாலு மாடி கழுவிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். தானாகக் காயும். ஏணி என்பது எங்களுக்கு வேன் தலையில் கட்டி வைத்திருக்கும் ஒரு சாமான், அவ்வளவுதான்.

தொழிலை ஆரம்பித்தது நான். தம்பி வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது வாடா என்று கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டதும் நான்தான். அவனுக்கு நல்ல வாய். அவன் சிரித்தால் எதிரில் இருப்பவரும் சிரித்தாக வேண்டும், அப்படி ஒரு முகம். இரண்டு வருடத்தில் வாடிக்கையாளர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். போன் வந்தால் நான் எடுப்பேன், "தம்பி இல்லையா?" என்பார்கள். ஒருமுறை ஒரு கட்டட மேனேஜர் என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார்.

"எங்க அண்ணன் சார். தண்ணி பாத்துக்குவாரு."

தோட்டக்காரனும் தண்ணிதான் பார்த்துக்கொள்கிறான். குழாயைச் சுருட்டி வேனில் வைத்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஏதோ புது மெஷின்.

"இத வேன்ல மாட்டிட்டா போதும்ணே. தண்ணி கெட்டுச்சுன்னா தானா நின்னுடும், பாக்க ஆளே வேணாம். இனிமே நீ அந்தச் சிலிண்டரோட மல்லுக்கட்ட வேண்டாம். வீட்டுல நிம்மதியா இரு."

"உங்க முதுகுவலிய நெனச்சுத்தான் மாமா இவரு இத யோசிச்சாரு" என்றாள் தம்பி மனைவி, எனக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வைத்துக்கொண்டே.

நல்லது என்று சொல்லிவிட்டு அதையும் சாப்பிட்டேன். வயிறு எரிந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டவன் எனக்கு ஓய்வு கொடுக்கிறான். அதுவும் அன்போடு கொடுக்கிறான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அன்புக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

மெஷின் வருவதற்குள், என்னை யார் என்று கேட்ட அந்த மேனேஜரின் கட்டடத்தைக் கழுவ ஒரே ஒரு தடவை ரெசின் மாற்ற வேண்டியிருந்தது. கடைக்காரர் மூன்று மூட்டையைக் காட்டினார். மூன்றிலும் ஒரு பிடி வாங்கிவந்து, கண்ணாடிக் குடுவையில் போட்டு, தண்ணீரை அளந்து ஊற்றி இரண்டு நாள் சோதித்தேன். அவசரப்பட்டு எதையும் வாங்குகிறவன் இல்லை நான்.

முதலாவது புது ரெசின், முழுக் கட்டடத்தையும் கழுவி முடித்தாலும் மிச்சம் இருக்கும். இரண்டாவது நிறம் மாறுகிற வகை. நீலமாக இருக்கும், தீரத் தீரப் பழுப்பாகும். எங்கள் சிலிண்டர் உள்ளே தெரிகிற சிலிண்டர், தம்பிகூடப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான். மூன்றாவது யாரோ எங்கேயோ பயன்படுத்தித் தீர்த்து, அமிலத்தில் கழுவித் திரும்ப விற்பனைக்கு வந்தது. பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும். ஆனால் பாதியில் கைவிடும். கொஞ்சம் கொஞ்சமாகவும் இல்லை, பூஜ்யத்தில் நின்றது நின்றபடியே இருந்து திடீரென்று ஏறும்.

அந்தக் கட்டடத்துக் குழாய்த் தண்ணீர் எனக்கு அத்துப்படி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது மூட்டை பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் சரியாக வரும். முன்பக்கம் கழுவும்போது தீர்ந்துவிடும். முன்பக்கத்தில்தான் மேனேஜர் உட்காருகிறார்.

எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். முன்பக்கம் பூராவும் புள்ளி விழ வேண்டும். எல்லோர் எதிரிலும் தம்பி அசடு வழிய வேண்டும். "அண்ணே, இப்ப என்ன பண்றது?" என்று என்னிடம் வந்து நிற்க வேண்டும். இது ஒரு பெரிய குற்றமா?

நீங்கள் என்னையே பார்க்கிறீர்கள். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் என்னிடம் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் வீட்டில் இதேபோல் புள்ளி விழுந்தது. அன்றைக்கு அது என் தவறுதான். டாக்டர் முகம் சுளித்ததும் தம்பி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏணியை இறக்கி, துணியை எடுத்துக்கொண்டு மடமடவென்று ஏறிவிட்டான். யாரும் தன்மேல் ஒரு நிமிடம் வருத்தமாக இருப்பதைக்கூட அவனால் தாங்கிக்கொள்ள முடியாது. நான் கீழ்ப்படியில் ஏறி நின்று ஏணியை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மண்தரை. இந்தக் கட்டடத்தின் முன்னால் பளபளவென்று இழைத்த கல். கழுவிவிட்ட தண்ணீரெல்லாம் அதன்மேல்தான் நிற்கும்.

காலை பத்தரை இருக்கும். வெயில் முன்பக்கம் திரும்பியதும் கண்ணாடி காய்ந்தது. இரண்டாம் மாடி ஜன்னல்களில் அம்மை போட்டது மாதிரி புள்ளிகள். மேனேஜர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா, கழுவுறதுக்கு முன்னாடியே நல்லா இருந்துச்சே?"

"அஞ்சே நிமிஷம் சார், கையோட தொடச்சிடறேன்" என்றான் தம்பி. அதற்குள் பாதி ஏணியை இறக்கியிருந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஈரக் கல்லில் ஏணி நிற்காது. ஒரு ஆள் முழு எடையோடு கீழ்ப்படியில் நின்றால்தான் நிற்கும். நின்றேன். அவன் இரண்டாம் மாடி உயரத்துக்குப் போய்த் துடைக்க ஆரம்பித்தான். பிறகு படியிலிருந்து இறங்கினேன். ஏணி அசையாதபடி மெதுவாகத்தான் இறங்கினேன். வேன் ஏழெட்டு அடி தள்ளி நின்றது. மீட்டரை எடுத்து, குழாய் நுனியில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பிடித்தேன்.

"அண்ணே, புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன். நீ வேலையப் பாரு."

குரல் தள்ளி வந்ததால் சந்தேகப்பட்டிருப்பான். குனிந்து பார்த்தான். வேன் பக்கத்தில் நான், என் கையில் மீட்டர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டோம். அப்போதுதான் ஏணியின் அடி பின்னால் நழுவியது.

மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. நான் நாற்பது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இப்போது அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, இரண்டு கையிலும் மாவுக்கட்டு. தினமும் காலையில் போய் முகம் துடைத்துவிட்டுச் சாப்பாடு ஊட்டுகிறேன். "கூடப் பொறந்தவங்கன்னா இப்படி இருக்கணும்" என்று தம்பி மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வாயை மட்டும் திறக்கிறான்.

உங்களிடம் பேசியிருக்கிறான் என்பது நேற்று நீங்கள் ஸ்டேஷனிலிருந்து இந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டியபோதுதான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது, விபத்து என்று எழுதி மூடிவிடலாம் என்றீர்கள். ராத்திரி முழுக்கப் படித்தேன். "அண்ணன் ஏணியக் கெட்டியா புடிச்சிட்டுத்தான் இருந்தாரு, என் கால்தான் வழுக்கிடுச்சு." அப்படிச் சொல்லியிருக்கிறான். சொல்வான், அவன் சுபாவம் அது. அதற்காக நான் அவனோடு சண்டைக்குப் போகப்போவதில்லை.

அடுத்த வரிதான் சார். "ரெசின் விஷயத்துல அண்ணனுக்கு அவ்வளவா விவரம் போதாது. கடைக்காரன் ஏதோ தலையில கட்டிட்டான்." நீங்களும் அதை அப்படியே நம்பி, 'போதிய விவரம் தெரியாத காரணத்தால்' என்று அழகாக எழுதிவிட்டீர்கள்.

என்னைக் காப்பாற்றுகிறானாம். படுத்த படுக்கையில் கிடக்கும்போதும் நான் அவனுக்கு ஒப்புக்குச் சப்பாணிதான்.

என்னை யாரும் ஏமாற்றவில்லை. மூன்றையும் சோதித்து, எந்த ஜன்னலுக்கு வரும்போது தீரும், அவன் எவ்வளவு உயரத்தில் நிற்பான், கீழே தரை எப்படி நனைந்திருக்கும் என்பதெல்லாம் தெரிந்துதான் மூன்றாவது மூட்டையை எடுத்தேன். ஏணியிலிருந்து இறங்கியதையும் தெரிந்தேதான் செய்தேன். அதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். விவரம் தெரியாத ஆள் என்ற பெயரோடு என்னால் வெளியே தலைகாட்ட முடியாது.