தையல்காரி படத்தின் முடிவு

— நிறுத்துடி, நான் பேசி முடிச்சுக்கறேன்—

— நீ பேசி முடிச்சு அரைமணி ஆச்சுக்கா, அதையே திரும்பத் திரும்ப—

— திரும்பத் திரும்பத்தான் சொல்வேன்! முப்பத்தேழு பேர் இருக்கற குரூப்புடி அது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல என்கூட வேலை பார்த்தவங்க அத்தனை பேரும் சிரிக்கறாங்க. “ட்ரங்க்கால் அக்கா, நீங்க எந்தப் படத்தைப் பார்த்தீங்க?”ன்னு. சூப்பர்வைசரம்மா, எண்பது வயசு, அவ அனுப்பினதை இந்தப் போன் வாசிக்குது: “சிரிக்கும் முகம், சிரிக்கும் முகம், சிரிக்கும் முகம்”னு. ஏழு தடவை. எண்ணினேன்.

— ஒரு படத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

— படத்துக்கு இல்லடி, மானத்துக்கு. சனிக்கிழமையானா என் குரலுக்குக் காத்துட்டிருக்கறவங்க அவங்க. புதுசு ஒண்ணு, பழசு ஒண்ணு, ரெண்டு வருஷமா விடாம படக்கதை சொல்றேன். கண்ணுல பனி மூடினதுகூட அங்க யாருக்கும் தெரியாது. நான் பார்க்கறேன்னுதான் நினைச்சிட்டிருந்தாங்க. நீ பக்கத்துல உட்கார்ந்து வேத்து பாஷைப் படத்துக்கு அடியில ஓடற எழுத்தைப் படிச்சுச் சொல்றேன்னு தெரியாது. இப்ப தெரிஞ்சிருக்கும்.

— யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க. வயசாயிடுச்சு, மறந்துட்டாங்கன்னு நினைப்பாங்க.

— அது ரொம்ப ஆறுதலா இருக்கு, தாயே.

— இல்லக்கா, வந்து... நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். சத்தியமா. கடைசிப் பத்து நிமிஷம்.

— கண்ணசந்தவ வாயிலிருந்து வசனம் எப்படி வந்துது? தங்கச்சிக்காரி தையல் மிஷின் டிராயரைத் திறந்து, ஒளிச்சு வெச்ச கடுதாசியை எடுத்து, “அக்கா, இது உனக்கு வந்தது, நான்தான் மறைச்சேன்”னு சொல்றான்னு சொன்னே. சொல்லும்போது உன் குரலே அடைச்சுது. நான்கூட, பாவம், படத்துல ஒன்றிப் போயிட்டாளேன்னு நினைச்சேன்.

— எழுத்து வேகமா ஓடிடுச்சு. எதையோ பார்த்து எதையோ படிச்சுட்டேன்.

— முப்பது வருஷம் மருந்துக்கடையில டாக்டருங்க கிறுக்கலைப் படிச்சு மாத்திரை எடுத்துக் குடுத்தவ நீ. அச்செழுத்தைத் தப்பாப் படிச்சியா? கேட்டுக்கோ, அந்தப் படத்துல தங்கச்சி வாயே திறக்கலையாம். கடுதாசியை அடுப்புல போட்டுடறாளாம். அக்காக்காரி அந்தக் கடுதாசி போட்ட கப்பல்காரனுக்காக ஜன்னல்கிட்ட உட்கார்ந்து உட்கார்ந்தே கிழவியாப் போறாளாம். நீ என்னடான்னா “மழை பெய்யுது, ரெண்டு பேரும் அழறாங்க”ங்கறே. எனக்கு அப்பவே சந்தேகம். மழை இவ்வளவு கிட்டத்துல நின்னு படபடக்குமான்னு. நெருப்புடி அது! நெருப்பை மழைன்னு சொல்லியிருக்கே! லைன்ல இருக்கியா?

— பக்கத்துலதான் இருக்கேன். எக்ஸ்சேஞ்சு வழக்கம் உன்னை இன்னும் விடலை.

— அப்ப நாய்ப் படம்?

— எந்த நாய்ப் படம்?

— போன மாசம் பார்த்தோமே, புதுசு. காணாமப் போன நாய் மலையெல்லாம் தாண்டி வீட்டுக்கு வந்து சேருதுன்னியே. “குழந்தைகளோட உட்கார்ந்து தைரியமாப் பாருங்க”ன்னு குரூப்புல சொல்லித் தொலைச்சேன். வந்துதா?

— வாசல் வரைக்கும் வந்துது.

— வாசல் வரைக்கும்னா?

— வாசல்ல செத்துப் போச்சு.

— கடவுளே! அதான் அன்னிக்கு, எக்ஸ்சேஞ்சுல ராத்திரி ட்யூட்டி பார்த்தவர், பேரன் ரெண்டு நாள் சாப்பிடலைன்னு திட்டினாரா! நான் வேற பையனுக்கு வயித்துல பூச்சி இருக்கும்னு மருந்து சொன்னேன்.

— நீ சோத்துத் தட்டைக் கையில வெச்சிட்டு உட்கார்ந்திருந்தேக்கா. அப்ப போய் நாய் செத்துடுச்சுன்னு எப்படிச் சொல்றது? நீ நல்லா சாப்பிடற நாளே வாரத்துல ரெண்டுதான்.

— லிஃப்டுக்குள்ள மாட்டிக்கறாங்களே, அந்தப் படம்?

— அது உள்ளபடிதான். அந்தப் படத்துல மாத்தறதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு மணி நேரமும் லிஃப்டுதான்.

— அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கலைன்னு சொன்னேன்.

— தெரியும்.

— சிரிக்காதே. நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். நாய் விஷயம் போகட்டும், பாசம்னு வெச்சுக்கறேன். தையல்காரி படத்தை எதுக்கு மாத்தினே? அதுல எனக்கு அழுகை வரக்கூடாதுன்னா, கப்பல்காரன் திரும்பி வந்துட்டான்னு சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். நீ அதைச் சொல்லலை. தங்கச்சியை நிக்க வெச்சுத் தப்பை ஒத்துக்க வெச்சிருக்கே. ஏன்?

— சும்மாதான்.

— சும்மா யாராவது இவ்வளவு பாடுபட்டுக் கதை கட்டுவாங்களா?

— நீ என்ன சொல்றேன்னு பார்க்கணும்னு இருந்துது.

— எதுக்கு?

— அப்படி ஒருத்தி சொன்னா, அக்காக்காரி என்ன செய்வான்னு. நீ என்ன நினைக்கறேன்னு.

— சரி, விடு. படத்துக்குப் போய் என்ன இவ்வளவு பேச்சு. எழுந்து போய் டீ போடு.

— இல்லக்கா, நீயே கேட்டுட்டே—

— கேட்டேன், இப்ப வேண்டாங்கறேன். சர்க்கரை கம்மியாப் போடு.

— நீ அன்னிக்குக் குரூப்புல சொன்னதை நான் சமையலறையில நின்னு கேட்டேன். “தங்கச்சி சொன்னது சரி. ஆனா அக்கா உடனே கட்டிப் பிடிச்சுக்கறா பாருங்க, அது வெறும் சினிமா. நானா இருந்தா ஆயுசுக்கும் அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்”ன்னே. கையில பால் பாத்திரம் இருந்துது. கீழ வெச்சுட்டு அப்படியே நின்னுட்டேன்.

— அது ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்றது. படத்தைப் பத்திப் பேசறவங்க ஆயிரம் பேசுவாங்க.

— நான் சொல்லிடணும்னுதான் அதை மாத்திச் சொன்னேன். படத்துல ஒருத்தி சொன்னா, அடுத்து நான் சொல்றதுக்குக் கொஞ்சம் வழி கிடைக்கும்னு. நீ கதவை அடைச்சுட்டே.

— எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். எழுந்திரு. டீ.

— ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாங்கக்கா. இன்னிக்குக் காலையில. நீ குளிச்சிட்டிருந்தே. கருவிழி ஒண்ணு வந்திருக்காம், உன் முறையாம். நாளைக்குக் காலையில வந்து படுத்துடணும். அஞ்சு மணிக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லணும். சொல்லலைன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்.

— அவ்வளவுதானே? அதுக்கா இந்த முகாரி?

— இது ரெண்டாவது தடவை. முதல் தடவை ஒன்பது மாசம் முன்னாடி. மத்தியானம். நீ உள் ரூம்ல தூங்கிட்டிருந்தே. நான் எழுப்பலை. வேண்டாம்னு நானே பதில் சொல்லி வெச்சுட்டேன். அப்புறம் மறைச்சுட்டேன். உன் பையன் வாரா வாரம் கேட்கும்போதெல்லாம் நீ, “இன்னும் கூப்பிடலைப்பா, நம்மளை எல்லாம் எங்க ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க”ன்னு அந்த ஆஸ்பத்திரியைத் திட்டுவே. நான் பக்கத்துல உட்கார்ந்து துணி மடிச்சிட்டிருப்பேன். ஒரே துண்டை நாலு தடவை மடிப்பேன்.

— ஏன்டி?

— ஆபரேஷன் முடிஞ்சதும் உன்னைத் தன்கிட்டயே கூப்பிட்டுக்கறேன்னு உன் பையன் சொன்னான். கண்ணு தெரிஞ்சா தனியா விமானம் ஏறிடுவே, பேரனைப் பார்த்துக்கலாம்னு. எனக்கு யார் இருக்கா? மருந்துக்கடையும் மூடியாச்சு. சனிக்கிழமை சாயங்காலம் உன் காதுல பேசறதைத் தவிர எனக்கு என்ன வேலை? உன் கண்ணை விட என் சனிக்கிழமை பெரிசாப் போயிடுச்சு. சொல்லவே நாக்கு கூசுது. காறித் துப்பிடுக்கா. நீ துப்பிட்டாக்கூட எனக்குத் தேவலை.

— அழாதே. மூக்கைச் சிந்து. எனக்குத் துல்லியமாக் கேட்குது.

— ரெண்டாவது தடவை மாட்டேன்னா பட்டியல்லேருந்தே எடுத்துடுவாங்களாம். காலையிலேருந்து நாலு தடவை உன் ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். மூஞ்சியில முழிக்க மாட்டேன்னியே, கண்ணு வந்ததும் முதல்ல என் மூஞ்சிதானே தெரியும்னு திரும்பிப் போயிட்டேன்.

— மணி என்ன?

— நாலு நாப்பது.

— நம்பரைப் போட்டு என் கையில குடு. இந்தத் தடவை நானே பேசறேன்.

— வர்றோம்னு சொல்லப் போறியா?

— சொல்லத்தான் வேணும். இன்னும் எத்தனை நாள் ஒளிஞ்சுக்கறது.

— நீ ஏன் ஒளியணும்? ஒளிஞ்சவ நான்தானே. கேவலமான பொய்யெல்லாம் சொன்னேன் அன்னிக்கு. அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு கேட்குது, “அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றீங்களா?”ன்னு. நான் சொல்றேன்—

— “கேட்டுட்டேன்மா. அக்காவுக்குக் கண்ணுல கத்தி வைக்கறதுன்னாலே பயம். வேற யாராவது குழந்தைக்குக் குடுத்துடுங்க”. அதானே சொன்னே?

— அக்கா. அது உனக்கு எப்படித் தெரியும்?

— நீ சொன்னது பொய்யில்லடி, நெஜமாவே எனக்கு உயிர் போற பயம். பையன் வீட்டுக்குப் போகவும் மனசில்ல. எனக்காக நீ மாட்டேன்னுட்டே, பழி உன்னோட போகட்டும்னு ஒன்பது மாசமா ஆஸ்பத்திரியைத் திட்டிட்டிருந்தேன். நீ எங்க வாயைத் திறந்துடப் போறியோன்னுதான் குரூப்புல அப்படி வெட்டிப் பேசினேன். முப்பத்திரெண்டு வருஷம் அடுத்தவங்க லைனைக் கேட்ட காதுடி இது, ஒரு கதவு மறைச்சுடுமா? அன்னிக்கு மத்தியானம் நான் தூங்கலை... லைன்ல இருக்கியா?