குறைந்தது நோயன்று

எண்களின் அடியில் மனிதரைத் தேடிய எங்கள் தலைமை ஆய்வாளரே! அதட்டலுக்கு அடங்காத அறிவுச்சுடரே! 'எந்த வீட்டம்மா' என்று மறைவில் நாங்கள் வைத்த பட்டப்பெயரை இன்று முகத்துக்கு நேரே சொல்லி வணங்குகிறோம்!

எவர் அட்டவணை நீட்டினாலும், "சரிப்பா, இதை எந்த வீட்ல பாத்தே?" என்பீர்கள். பதில் இல்லையென்றால் தேநீர்கூடக் கிடையாது. குடையை எடுத்துக்கொண்டு தெருவுக்குக் கிளம்ப வேண்டியதுதான். எங்கள் செருப்புகள் தேய்ந்ததற்கு நீங்களே முழுப்பொறுப்பு.

அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் 'கட்டமைப்புச் சீரமைப்பு' என்று கேட்ட செலவுக் குறைப்பெல்லாம் நடந்தது. மானியம் மெலிந்தது, அரசு மருத்துவமனையில் சீட்டுக்கும் கட்டணம் நுழைந்தது. விளைவுகளை மதிப்பிடும் பொறுப்பு உங்களிடம் வந்தது. மருத்துவமனை வரிசை பாதியானதைக் கண்ட மேலிடத்து வல்லுநர்கள், மக்களுக்கு நோய் குறைந்துவிட்டதென்று வரைபடம் போட்டுக் கைதட்டிக்கொண்டார்கள். நீங்களோ மருத்துவமனையின் பின்தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். வரிசையில் நிற்க வேண்டியவர்கள் வீட்டுக்குள் சுருண்டு கிடந்தார்கள். "சீட்டுக்கே காசு கேக்கறாங்கம்மா, அப்புறம் மருந்துக்கு எங்க போறது?" என்று இருமலுக்கு நடுவே கேட்டார் ஒரு தையல்காரர். உடன் வந்த நாங்கள் அதை அப்படியே குறித்துக்கொண்டோம்.

அதை நீங்கள் எழுதிய அத்தியாயத்தை அறிக்கையிலிருந்து நீக்கச் சொன்னார்கள் மேலிடத்தார், மறுத்தீர்கள். நயந்தார்கள், மிரட்டினார்கள், மின்விசிறி இல்லாத அறைக்கு மாற்றினார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மீண்டும் மறுத்தீர்கள்! 'இந்த அம்மா ஓய்வு பெறட்டும், அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்' என்று காத்திருந்தார்கள். அந்த நாள் இன்று வந்துவிட்டது.

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களும் செவிமடுக்கட்டும். அம்மா, நாளை உங்கள் நாற்காலியில் அமரப்போகிறவர்தான் இப்போது இந்த மடலை வாசித்துக்கொண்டிருக்கிறார். அந்த அத்தியாயத்தை நீக்கிய அறிக்கையில் அவர் கையெழுத்திட மாட்டார். அவரை மாற்றினால் அடுத்தவரும் மாட்டார். எங்களில் எவரும் மாட்டோம்!

அந்த அத்தியாயத்தில் அவர்கள் அழிக்கத் துடித்த வரியை இங்கேயே பொறித்திருக்கிறோம்: 'கட்டணம் வந்தபின் குறைந்தது நோயன்று, மருத்துவரைப் பார்க்க முடிந்தவர்களே குறைந்தார்கள்.' சட்டமிட்ட இம்மடலின் ஒரு படி உங்கள் வீட்டுக்கு. இன்னொரு படி அலுவலக வாசலுக்கு எதிர்ச்சுவரில். துணிந்தவர் கழற்றிப் பார்க்கட்டும்.

அஞ்சாமையின் அழகே! உடல்நலத்தோடும் உரத்த குரலோடும் நெடுங்காலம் வாழுங்கள்! நீங்கள் நலமென்று யார் சொன்னாலும் நம்ப மாட்டோம். வீட்டுக்கே வந்து பார்ப்போம்.

இவண்,
அந்த வரியை அழிக்காத
ஆய்வுப் பிரிவு ஊழியர்கள்