பெஞ்சில் ஏழு பிள்ளைகள்

படம் வெட்டுகிறவன் என்று அலுவலகத்தில் என்னைக் கேலி செய்வார்களே தவிர, என் மேசையில் ஒரு கத்தரிக்கோல்கூடக் கிடையாது. இப்போதெல்லாம் வெட்டுவது என்றால் கணினியில் ஒரு கட்டத்தை இழுத்து விடுவதுதான். கட்டத்துக்கு உள்ளே இருப்பது பேப்பரில் வரும், வெளியே இருப்பது வராது. இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். இட்டுக்கட்டின படம் ஒன்றுகூட என் கையால் அச்சானதில்லை. ஐயா இதை முதலிலேயே எழுதிக்கொண்டால் நல்லது.

நீங்கள் விசாரிக்கிற படம் பதினோரு வருடத்துக்கு முன்னால் எடுத்தது. அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போடுகிற நாள். எடுத்தவரை நாங்கள் நெட்டை என்று கூப்பிடுவோம், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். சுவரோரம் ஒரு பெஞ்சு. அதில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை, இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு இன்னும் ஆறு பிள்ளைகள். அவள் நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை, வெயிலுக்குக் கண்ணை இடுக்கியிருக்கிறாள். படத்தின் வலது பாதியில் டோக்கன் வாங்கும் வரிசை. அதில் ஆறு பெண்கள் நிற்கிறார்கள். அந்த ஆறு பிள்ளைகளும் அவர்களுடையவை. வரிசை நகர்கிற வரைக்கும் பார்த்துக்கொள்ளச் சொல்லி இவளிடம் விட்டுப் போயிருந்தார்கள்.

அன்று அந்தப் படத்தை யாரும் கேட்கவில்லை. தடுப்பூசிச் செய்திக்கு மருந்துப் புட்டியின் படமே போதுமானதாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து மக்கள்தொகைக் கணக்கு வெளியானது. வந்தவர்கள் தொகை கூடியிருக்கிறது, நம்முடையது குறைந்திருக்கிறது என்று முதல் பக்கச் செய்தி. மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களையும் எங்கள் பேப்பரில் வந்தவர்கள் என்றுதான் எழுதுவோம். யாரும் உத்தரவு போட்டதில்லை, நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்தது. செய்தி ஆசிரியர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏதாவது படம் இருக்கா? பாத்த உடனே புரியணும்."

நான் கட்டத்தை இழுத்தேன். வலது பாதி வெளியே போயிற்று. அவர் குனிந்து விரல் விட்டு எண்ணினார்.

"ஏழா பெத்திருக்கா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் எண்ணியது சரி, ஏழு பேர்தான் இருந்தார்கள்.

எங்கள் தொழிலில் சில பழக்கங்கள் உண்டு. நம் ஆட்கள் குறைகிறார்கள் என்ற செய்திக்கு, பிள்ளைகள் இல்லாமல் பூட்டிய ஒரு பள்ளிக்கூடம், அதன் வாசலில் ஒரு ஆசிரியை. அவர் பெயர், வயது, எத்தனை வருட அனுபவம் எல்லாம் படத்துக்குக் கீழே வரும். வந்தவர்கள் கூடுகிறார்கள் என்றால் மாடியில் நின்று நீள லென்ஸால் எடுத்த தெரு. அந்த லென்ஸில் இருபது பேர் நடந்தாலும் இருநூறு பேர் முண்டியடிப்பதுபோல் இருக்கும். பெயர் போட மாட்டோம், 'கோப்புப் படம்' என்று மட்டும் போடுவோம். நம் வீட்டில் நடந்தால் அது பிரசவம், அவர்கள் வீட்டில் நடந்தால் அது புள்ளிவிவரம். முகத்தைப் பார்த்தாலே யார் நம் ஆள், யார் அவர்கள் ஆள் என்று தெரிந்துவிடும் என்பார்கள் அலுவலகத்தில். நானும் அப்படிச் சொல்கிறவன்தான்.

பெஞ்சுப் படத்தை மொத்தம் முப்பத்து நான்கு தடவை போட்டோம். வீட்டு வாடகை ஏறினால் போட்டோம். தண்ணீர் வராவிட்டால் போட்டோம். மருத்துவமனையில் கட்டில் பற்றாக்குறை என்றபோதும் அதே படம்தான். தேடுகிற நேரம் மிச்சம், பாருங்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். பதினோரு வருடமாகிவிட்டது, ஆனாலும் பார்த்ததும் தெரிந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள், கண்ணை இடுக்குவது மட்டும் மாறவில்லை. பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் பொத்தான் வைக்கிற வேலையாம். எதிர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து ஒரு பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஏழுல ஒண்ணுதான் சார் என்னுது. மடியில இருக்கே, அது. அதுக்கப்புறம் எனக்குப் பிள்ளையே இல்லை."

நான் டீ வரவழைத்தேன். யார் வந்தாலும் வரவழைப்பேன்.

"பஸ்ல ஏறினா என்னைக் காட்டி விரல் விட்டு எண்ணுறாங்க. வீட்டு ஓனர் ரெண்டு தடவை காலி பண்ணச் சொல்லிட்டார். பொண்ணை ஸ்கூல்ல, மத்த ஆறு எங்கேன்னு கேக்குறாங்களாம். அது வீட்டுக்கு வந்து என்னைக் கேக்குது." டீயை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம் சார். முழுப் படத்தையும் ஒரே ஒரு தடவை போடுங்க. அந்த வரிசை தெரிஞ்சாப் போதும், பாக்குறவங்களுக்குப் புரிஞ்சிடும்."

"பாக்கலாம்மா" என்றேன்.

எழுந்தபோது என் சட்டையைக் கவனித்தாள். இதோ, இந்த இரண்டாவது பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தொழில் புத்தி, பார்த்துவிட்டுப் போக மனசு வரவில்லை போலிருக்கிறது. பையிலிருந்து ஊசி நூல் எடுத்து, நின்றபடியே நாலு இழுப்பு இழுத்து இறுக்கினாள். நூலை அறுக்கக் கத்தரி கேட்டாள். இல்லை என்றேன்.

"அப்போ படத்தை மட்டும் எதை வெச்சு சார் வெட்டுனீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. பல்லால் நூலைக் கடித்துவிட்டு, சான்றிதழை மடித்து வைத்துக்கொண்டு போனாள். அந்தப் பொத்தான் இன்னும் கெட்டியாக இருக்கிறது.

அவள் போனதும் மூலப் படத்தைத் திறந்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகு அழித்தேன், வெட்டின படம் மட்டும் மிஞ்சியது. போன வாரம் நீங்கள் கேட்டபோது, கணினியில் இடம் போதவில்லை, அதனால் அழித்தேன் என்று சொன்னேன். இடம் தாராளமாக இருந்தது.

வரிசையில் நின்ற ஆறு பெண்களில் மூன்றாவதாக நிற்பவள் என் மனைவி.

தனியார் மருத்துவமனையில் அந்த மருந்து தீர்ந்துபோயிருந்தது, அதனால் பையனைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். அன்று சாயங்காலமே சொன்னாள், யாரோ ஒரு அம்மா எல்லாப் பிள்ளைகளையும் கட்டி மேய்த்தாள், நம் பையன் அவளை விட்டு வரவே மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டான் என்று. பெஞ்சில் இடமிருந்து மூன்றாவதாக, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறானே, மூன்று வயது, அவன்தான். படம் முதல் தடவை வந்த அன்றே என் மனைவி பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் அங்கேதானே நின்னேன். என்னை வெட்டிட்டு என் பிள்ளையை அவ கணக்குல எழுதிட்டீங்களா?"

வாயை மூடு என்று சொன்னேன். மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேப்பர் படித்து நான் பார்த்ததில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். முழுப் படத்தையும் எப்படிப் போடுவது? அலுவலகமே சிரித்திருக்கும். முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்று சொல்லிச் சொல்லி, பதினோரு வருடமாக என் பையனைச் சேர்த்துத்தான் எல்லோரும் ஏழு என்று எண்ணியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? எனக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

போன மாதம் புதுக் கணக்கு வந்தது. நாம் இனி பாதிகூட இல்லை என்று தலைப்பு. தலைப்பு என்னுடையது அல்ல. படம் என்னுடையது, ஐந்து பத்தி அகலத்தில். வேறு படங்கள் கைவசம் இருந்தன. இதையே எடுத்தேன். ஏன் என்று கேட்டால், எடுக்காமல் விட்டால் அவள் வந்து கேட்டதற்காக விட்டதுபோல் ஆகியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து, காலையில், பஸ் நிறுத்தத்தில் மூன்று பேர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒருவன் பையில் எங்கள் பேப்பர் மடித்து வைத்திருந்தது என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. அவள் ஏதோ சொல்ல வந்தாள், அடி விழ விழ, ஒண்ணுதான், ஒண்ணுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள் என்று பக்கத்தில் பூ விற்ற பெண் சொல்லியிருக்கிறாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

செய்தி எங்கள் மேசைக்கு வந்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே ஆறவில்லை. அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. உள்பக்கத்தில் சின்னதாகப் போடவிருந்ததை, வாதாடி முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். படத்துக்குக் கீழே முதல் தடவையாக அவள் பெயரைப் போட்டேன். ஒரு பிள்ளை தாயை இழந்தது என்றால் யார் நின்று படிப்பார்கள்? அதனால், ஏழு பிள்ளைகள் தாயை இழந்து தவிக்கின்றன என்று எழுதினேன். இரக்கத்தில் எழுதியதுதான். இதைப் படித்துவிட்டு அவள் பெண் உங்களிடம் வந்து புகார் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் என் பையன் அந்தப் பேப்பரைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான். பதினாலு வயதாகிறது. படத்தை உற்றுப் பார்த்தான். "பாவம்பா, இத்தனை பேரும் இனிமே எங்கே போவாங்க?" என்றான். சமையலறையில் என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பையன் பக்கத்தைப் புரட்டிவிட்டான்.

படத்தில் இருப்பது தன் முகம்தான் என்று அவனுக்கே தெரியவில்லை ஐயா. பிறகு அதே படத்தை வைத்து அவளை மட்டும் யாரோ அடையாளம் கண்டுபிடித்தார்கள் என்கிறீர்களே, அதை நான் எப்படி நம்புவது?