துணையில்லாமல் நடக்கிறார்

வேணாங்கய்யா, எந்திரிக்காதீங்க. நான் எதுவும் கேக்கலியே. தாகமா இருந்தா நானே போய் எடுத்துக்கறேன், சமையல்கட்டு இந்தப் பக்கம்தானே? தெரியும், இதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்திருக்கேன். நீங்க உக்காந்தாத்தான் எனக்கு எழுதவே வரும்.

ஆமா, வீட்டு வரியில பாதியக் குறைக்கச் சொல்லி நீங்க போட்ட மனுதான். வயசு எழுபத்திமூணு, இடது கால் முட்டிக்குக் கீழ இல்ல. டாக்டர் சர்ட்டிபிகேட் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனாலும் ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வந்து கண்ணால பாக்கணுமாம். பாத்துட்டேன்.

முன்னாடி எப்ப வந்தேனா? ஆறு வருஷம் இருக்கும். உங்களுக்கு இந்த வீட்ட வித்தார்ல, அவரோட பெரியம்மா இங்க தனியா இருந்தாங்க. அச்சாபீஸ்ல புரூஃப் பாத்து ரிட்டயர் ஆனவங்க. பக்கவாதம் வந்து வலது பக்கம் சரியில்லாம போச்சு. அவங்களும் இதே மனுதான் போட்டிருந்தாங்க.

நான் வர்றேன்னு முன்னாடியே கடுதாசி போயிருக்கும்ல. தலைய வாரி, இஸ்திரி போட்டத உடுத்திக்கிட்டு, இதோ இந்த ஜன்னலோரமா ஜம்முனு உக்காந்திருந்தாங்க. எங்க ஃபாரத்த வாங்கிப் பாத்தாங்க. உடல் குறைப்பாடுன்னு அச்சடிச்சிருந்துச்சு. நடுவுல ப் வராது தம்பின்னு, இடது கையால பேனாவப் பிடுங்கி அந்த எழுத்த அடிச்சுட்டாங்க. நான் சிரிச்சுட்டேன். அவங்களும்தான். சிரிச்சு எத்தன நாளாச்சோ, யாரு கண்டா.

டீ குடிக்கிறீங்களான்னாங்க. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வெயில்ல அலைஞ்சு வந்தவன், சரிம்மான்னுட்டேன். எந்திரிச்சாங்க. சுவத்தக்கூடப் பிடிக்கல. உள்ள போயி, ஒத்தக் கையில டம்ளரோட வந்தாங்க. ஒரு சொட்டு சிந்தலீங்க. உதடு மட்டும் வெளுத்திருந்துச்சு. துணையில்லாம எழுந்து நடக்கிறாரான்னு ஃபாரத்துல ஒரு கேள்வி உண்டு. ஆம்னு போட்டேன். பாத்தத எழுதறதுதானே என் வேல? சொல்லுங்க.

வாக்கர் இருந்திருக்குங்க. கதவுக்குப் பின்னாடி போர்வையப் போட்டு மூடி வச்சிருந்தாங்களாம். வீட்டுக்கு வந்த மனுஷன் முன்னாடி அதப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூச்சம். பக்கத்து வீட்டம்மா அப்பறமா சொன்னாங்க.

வரி எங்க தள்ளுபடி ஆச்சு? மனுதான் தள்ளுபடி ஆச்சு. அந்த ஆர்டர் வந்தப்ப கையெழுத்துப் போட்டு வாங்க இங்க ஆளில்ல.

விழுந்துட்டாங்கய்யா. இடுப்பெலும்பு. மறுநாள் சாயங்காலந்தான் பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாப் பாத்திருக்காங்க. அப்பறம் ஆஸ்பத்திரியில ஒம்பது நாள், அவ்வளவுதான்.

இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. யாராவது எந்திரிச்சு உள்ள போனா நானும் பின்னாலயே போயிடறேன். என் வீட்டுலயே ஏதாவது கீழ விழுந்தா சோத்துக் கையோட ஓடறேன். வெறும் தட்டுதாங்கன்னு சம்சாரம் சிரிப்பா. இப்பல்லாம் சிரிக்கறதில்ல.

எப்ப விழுந்தாங்களா? நான் வந்த அன்னிக்குத்தான். நான் குடிச்ச டம்ளர உள்ள கொண்டுபோறப்ப போலிருக்கு. நான் வாசல் கேட்டத் தொறந்துக்கிட்டிருந்தேன், சத்தம் கேட்டுச்சு. பாத்திரம் விழுந்த சத்தம் இல்லீங்க, எனக்கு அப்பவே தெரியும். திரும்பிப் போனா எழுதினத அடிக்கணும், வேற ஃபாரம் போடணும். இன்னும் நாலு வீடு பாக்கி. கொஞ்ச நேரம் நின்னேன். கூப்பிடுவாங்களோன்னு பாத்தேன்.

கூப்பிடல.

சரி, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.