கணக்கில் சேராத டீசல்

லேக் மார்க்கெட்டில் மண்ணெண்ணெய் க்யூ அன்று டிராம் தண்டவாளம் வரை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் டின்னோடு நின்ற மாமி கணவரிடம் கேட்டாள்:

“ஏன்னா, லேப்ல கல்லுலேர்ந்து எண்ணெய் எடுக்கறேளே, அதுல கொஞ்சம் ஆத்துக்குக் கொண்டு வரப்படாதோ?”

சுற்றி நிற்கும் வங்காளிகளுக்குப் புரியாது என்ற தைரியம். எனக்குப் புரிந்தது.

“ஒரு சின்னக் குப்பிதான் இருக்கு. அது ப்ராஜெக்டுக்குப் பணம் குடுக்கற டெல்லிக்காராளுக்குக் காட்டறதுக்கு.”

“ஏன், கல்லா கிடைக்கலை?”

“கல்லு கிடக்கு, மலையா. டொலுவீன்னு ஒரு கரைப்பான், அதை அழுத்தத்துல வெச்சு, திரவமுமில்லாம ஆவியுமில்லாம ஆகற வரைக்கும் சூடு பண்ணணும். அப்பதான் அது கல்லுக்குள்ள பூந்து எண்ணெயைக் கரைச்சுண்டு வரும். பாதியில கரண்ட் போயிடறது.”

“அதான் ஜெனரேட்டர் வாங்கினாளே?”

“அது குடிக்கற டீசல்ல கால்வாசி எண்ணெய்கூட கல்லு தரலை.”

“டெல்லிக்காராகிட்ட சொன்னேளோ?”

“டீசலைக் கணக்குல சேர்க்காதேன்னுட்டார் டைரக்டர். சேர்த்தா ப்ராஜெக்டை மூடிடுவா. என் வேலையும் போயிடும்.”

கடைக்காரர் “தேல் ஷேஷ்!” என்று கத்திவிட்டு ஷட்டரை இழுத்தார். எண்ணெய் தீர்ந்துவிட்டது.

மாமி காலி டின்னைக் கணவர் கையில் திணித்தாள்.

“வாங்கோ ஆத்துக்கு. நானும் இன்னிக்குக் கெரசினைக் கணக்குல சேர்க்காம சமைச்சுப் போடறேன்.”